மிஷினா, பையா? டயாலிசிஸ் தொடங்கப்போகும் தம்பிக்காக யோசித்தது

சித்தப்பா மகன் பாபநாசத்திலிருந்து போன் செய்தான். "அக்கா, இன்னும் மூணு நாலு மாசத்துல டயாலிசிஸ் ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மிஷின்லயா, வயித்துல பை வச்சான்னு வீட்ல பேசிட்டு வரச் சொன்னாரு. நீ ரெண்டையும் பாத்தவ. எது நல்லது, சொல்லு."

அவனுக்கு வயது 38. டாடா ஏஸ் ஓட்டுகிறான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யோசிக்க அவனுக்கு மூன்று மாதம் கிடைத்திருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை. பல வருடம் கவனிக்காமல் விட்ட பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. 2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி கால் வீங்கி, மூச்சு முட்டி, காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் கழுத்து நரம்பில் லைன் என்கிற குழாயைப் போட்டு மிஷினில் படுக்க வைத்துவிட்டார்கள். வேறு வழியும் உண்டு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அது தெரியவே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பதினேழு மாதம் மிஷினில் ஓட்டிவிட்டு, 2021 பொங்கல் கழித்து வயிற்று டயாலிசிஸுக்கு மாறினேன். இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். நான் தையல்காரி, மருத்துவம் படித்தவள் இல்லை. மாத்திரை அளவையும் ஊசிக் கணக்கையும் டாக்டரிடம் கேளுங்கள். எந்த வழி எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

முதலில் மிஷின். கைநரம்பில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக இரத்தம் வெளியே போய், வடிகட்டியில் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அதனால்தான் இதை ஆஸ்பத்திரியோடு வைத்திருக்கிறார்கள்.

நாலு மணி நேரம் என்பது படுக்கையில் கிடக்கும் நேரம் மட்டும்தான். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எனக்கு இடம் கிடைத்தது திருவாரூரில். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால், வீடு திரும்ப மாலை மூன்றாகும். வந்ததும் படுத்தால் ராத்திரிதான் எழுந்திருப்பேன். சில நாள் முடியும் நேரத்தில் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு உயிர் போகும். மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஊசியில் நூல் கோக்கக்கூட கை நிதானப்படாது. அப்புறம் அரை நாள் நன்றாக இருக்கும். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும். கூட வரும் என் வீட்டுக்காரருக்கும் அன்றைய வேலை போச்சு. எங்களுக்கு இருப்பது ஆறு மா நிலம், அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர். நடவு நேரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வயலை விட்டு வருவது என்றால் என்ன என்று நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

சாப்பாடுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மூத்திரம் குறைந்துவிட்டதால் குடிக்கும் தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். தண்ணீர், காபி, ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று எனக்குக் கணக்கு. சித்திரை வெயிலில் முக்கால் லிட்டர். போனவுடன் எடை பார்த்து, டிரை வெயிட்டுக்கு, அதாவது கூடுதல் நீர் இல்லாத எடைக்கு மேலே எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று சிஸ்டர் சொல்வார். ரெண்டைத் தாண்டினால் அன்றைக்குச் சதைப்பிடிப்பு நிச்சயம். அதைவிடப் பயப்பட வேண்டியது பொட்டாசியம். அது ரொம்ப ஏறினால் இதயமே நின்றுவிடலாம். இளநீர், வாழைப்பழம், கீரை, சேப்பங்கிழங்கு எல்லாவற்றிலும் அது நிறைய. கொல்லையில் தென்னை, வயல் வரப்பில் வாழை வைத்துக்கொண்டு டெல்டாவில் வாழ்கிறவள், காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையைத் தின்றேன். வீட்டுக்கு வந்தவர்கள் பாசமாக இளநீர் வெட்டி நீட்டுவார்கள். டயாலிசிஸ் வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்று எல்லோருக்கும் கொடுப்பது சிறுநீரகம் போனவருக்கு ஆபத்தாகலாம்.

ஆனாலும் மிஷின் பக்கத்தில் நல்லது உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது தப்பு. எல்லாவற்றையும் சிஸ்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். மீதி நாலு நாளும் வீட்டில் ஆஸ்பத்திரி வாடையே கிடையாது. வாரத்துக்கு மூன்று தடவை படித்த கண் ஒன்று நம்மைப் பார்க்கிறது. சளி, வீக்கம், இரத்தக்குறைவு எதுவும் மறைந்து கிடக்காது. அப்புறம் கூட்டு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கொரடாச்சேரி அக்காதான் எனக்கு அரிப்புக்கு என்ன செய்வது, ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கித் தாகத்தை எப்படி ஓட்டுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். வீட்டிலேயே செய்துகொள்ளும் இப்போது அந்தப் பேச்சுதான் இல்லை.

நான் மாறக் காரணம் ரோடு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது எனக்கு நோய் இருப்பதே தெரியாது. எங்கள் தெருவில் ஒருவர் அப்போதே டயாலிசிஸில் இருந்தார். ரோடு முழுக்கத் தென்னையும் கரண்டு கம்பமும். இரண்டு முறை தவறிப்போய், மூச்சுத்திணறலோடு டிராக்டரில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு பஸ் நின்றபோது அந்த இடத்தில் நான் இருந்தேன். டிவிஎஸ் 50-இல் என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து, வழியில் நிறுத்திய இடத்திலெல்லாம் டயாலிசிஸ் நோட்டை நீட்டிக்கொண்டு திருவாரூர் போய் வந்தேன். திரும்பும்போது கண் இருட்டி விழுந்துவிடுவேன் என்று என்னைத் துண்டால் அவர் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். மழையும் புயலும் வருஷம் தவறாமல் வரும் ஊரில், ஒரு ரோட்டை நம்பி உயிரை வைத்திருக்க முடியாது என்று அப்போதுதான் தோன்றியது.

பை முறையில் இரத்தம் வெளியே போவதில்லை. வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வே வடிகட்டி. தொப்புளுக்குக் கீழே பக்கவாட்டில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிடுவார்கள். புண் ஆற இரண்டு வாரம். பிறகு அதன் வழியாக 2 லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, நாலைந்து மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டு, புதுப் பையை ஏற்ற வேண்டும். எனக்கு ஒரு நாளைக்கு நாலு முறை. காலை ஆறு, பதினொன்று, சாயங்காலம் நாலு, ராத்திரி ஒன்பது. ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி ஆகும். நடுவில் தண்ணீர் வயிற்றிலேயே இருக்க, நான் தையல் மிஷின் மிதித்துத் தைத்துக்கொண்டிருப்பேன். கையால் மாற்றுவதற்குக் கரண்டே வேண்டாம். கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ராத்திரியில் தானாக மாற்றிக்கொள்ளும் கருவியும் உண்டு, அதற்கு மட்டும் கரண்டு தேவை.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாவதால் உடம்பு தூக்கிப்போடுவது இல்லை. மிச்சமிருக்கும் மூத்திரமும் பொதுவாகக் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும். தண்ணீர்க் கட்டுப்பாடு தளர்ந்தது. பொட்டாசியம் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர் அம்மா, "இனி தினம் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம்" என்றார்கள். பூவன் பழம் ஒன்றை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது. இது எல்லோருக்கும் இல்லை, பரிசோதனையைப் பார்த்துத்தான். இளநீரை இன்றுவரை நான் கேட்காமல் தொட்டதில்லை.

சரி, இதன் மறுபக்கம். லீவே கிடையாது. தீபாவளியோ, சாவு வீடோ, காய்ச்சலோ, நாலு முறை நாலு முறைதான். அந்தத் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறது, அதுதான் உடம்பு நீரை இழுக்கிறது. அதனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அளவு ஏறும், மருந்தைச் சரிசெய்ய வேண்டும், எடையும் கூடும். வடியும் தண்ணீரோடு புரதமும் போகும். தினம் முட்டை வெள்ளைக்கரு இரண்டு மூன்று, கிடைத்தால் மீன் என்று ஈடுகட்டுகிறேன். புடவை கட்டுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று, பாவாடை நாடா சரியாகக் குழாய் வெளியே வரும் இடத்தில்தான் உராயும். எனக்கு அங்கே புண்ணாகி, பிறகு சுடிதாருக்கு மாறினேன். குழாய் வைக்கும் முன்பே நாடா கட்டும் இடத்தைக் காட்டி, அதற்குத் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது. ஆடிப்பெருக்குக்குக் கரையில் நின்று தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி. 2016 மகாமகத்தில் கும்பகோணம் போய்க் குளத்தில் முங்கி எழுந்தவள் நான். 2028-இல் அடுத்தது வரும்போது இதே குழாயோடு இருந்தால் படியில்தான் நிற்பேன்.

கிருமி நுழைவதுதான் பெரிய பயம். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, முகக்கவசம் கட்டி, கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பூனையை வெளியே விரட்டிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். 2022-இல் சம்பா அறுப்பு முடிந்த சமயம், கரண்டு போயிருந்தபோது பை மாற்ற ஆரம்பித்தேன். ஃபேன் சுவிட்சு போட்டபடியே இருந்ததைக் கவனிக்கவில்லை. மூடியைத் திறந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்து, களத்துத் தூசியை எல்லாம் ஃபேன் கிளப்பிவிட்டது. அதனால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாள் வடிந்த தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கியிருந்தது. வயிற்றுவலி, குளிர் ஜுரம். அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே போனோம். கிருமிக்கொல்லி மருந்தைப் பையிலேயே கலந்து இரண்டு வாரம் கொடுத்தார்கள். சரியானது. மறுநாள் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் குழாயை எடுக்க நேர்ந்திருக்கும். தண்ணீர் கலங்கினால் மணி பார்க்கக் கூடாது, கிளம்ப வேண்டும்.

இடமும் வேண்டும். நாலு பை என்றால் மாதத்துக்கு 120 பை, 240 கிலோவுக்கு மேல். அட்டைப்பெட்டிகளைத் தரையில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும், எலி கடிக்கும். நெல் மூட்டைக்கு அடுக்குவது போலப் பலகை போட்டு, முட்டி உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறோம். வெள்ளம் வரும் என்று செய்தி வந்தால் இருபது பை மட்டும் பரணுக்குப் போகும். முதல் ஏழு மாதம் அவர்தான் லோடு ஆட்டோவில் போய் ஏற்றி வந்தார். 2021 ஆகஸ்ட் 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, அதில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் சேர்ந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மிஷின் இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் அதில் பார்க்கலாம். அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி இன்றே பதிவு செய்யுங்கள். கணக்கில் வராத செலவு வேறு. மிஷினில் போனால் பஸ் காசும், கூட வருபவரின் கூலியும். பையில் இருந்தால் சோப்பு, பஞ்சு, முட்டை. கையைக் கடிப்பது முதல் வகைதான்.

இந்த இரண்டையும் தாண்டி ஒன்று இருக்கிறது. 38 வயதுக்காரன் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்வது. உடம்பு தாங்குகிறவர்களுக்கு ஆயுளும் கூடும், வாழ்க்கையும் திரும்பும். 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன், மனைவி கொடுக்கலாம். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். இரத்த வகை பொருந்தாவிட்டால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்குக் கொடுக்க அம்மா துடித்தார், சர்க்கரை இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இரத்த வகை எனக்குப் பொருந்தவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறேன். அந்தத் திட்டம் தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது. அப்படிக் கொடுப்பவர்களின் உடலுக்கு 2023 செப்டம்பரிலிருந்து அரசு மரியாதை செய்கிறார்கள். அந்தச் செய்தியை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எழுந்து நிற்கத் தோன்றும். பொருத்திய பிறகும் வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு, ஒரு வேளையும் தவறக் கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால் எலி மூத்திரம் கலந்த வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவதெல்லாம் முடியாது.

எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். பெரியப்பாவுக்கு 81 வயது, இதயமும் பாதிதான் வேலை செய்தது. டயாலிசிஸால் அவருக்குக் கூடும் நாள் அதிகம் இருக்காது, கூடுவதும் காரிலும் கட்டிலிலும்தான் போகும் என்று டாக்டர் ஒளிவில்லாமல் சொன்னார். பெரியப்பா வேண்டாம் என்றார். மூச்சுத்திணறலுக்கும் அரிப்புக்கும் வலிக்கும் மருந்து கொடுத்தார்கள். சீர்காழி வீட்டுத் திண்ணையில் எட்டு மாதம் இருந்தார். பேரன் கல்யாணப் பத்திரிகைக்கு அவர் கையால் மஞ்சள் தடவினார். "கைவிட்டுட்டாங்க" என்று பேசிய உறவுக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அவரை யாரும் கைவிடவில்லை.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். பை வைத்துக்கொள் என்று சொல்லத்தான் கிளம்பினேன். மூத்திரம் இன்னும் நன்றாகப் போகிறது, அதைக் காப்பாற்ற அதுதான் நல்லது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். வீட்டைப் பார்த்ததும் தயங்கினேன். இரண்டே அறை. சித்தப்பா கட்டில் ஒன்றில், பிள்ளைகள் மற்றதில். பக்கத்தில் அரிசி ஆலை. காலையில் கூட்டிய தரையில் மத்தியானத்துக்குள் உமிச்சாம்பல் கறுப்பாகப் படிந்திருந்தது. கதவைச் சாத்தினாலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இடுக்கில் இறங்குகிறது. அவன் விடியற்காலை நாலு மணிக்குக் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன். பதினொரு மணிப் பையை எந்தச் சந்தைக்கடைத் தெருவில் வைத்து மாற்றுவான்? கும்பகோணமோ பதினைந்து கிலோமீட்டர். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், ரயிலும் உண்டு. எனக்கு எதிரியாக இருந்த ரோடு அவன் வீட்டு வாசலிலேயே ஓடுகிறது.

மிஷின்தான் உனக்கு என்றேன். வாரத்தில் மூன்று மத்தியானம் அதற்கு, காலை லோடு முடிந்த பிறகு. அன்றைக்குத் திரும்பும்போது மட்டும் வண்டியை நீ ஓட்டாதே, பிரஷர் இறங்கும். கூடவே மாற்றுச் சிறுநீரகத்துக்கான பரிசோதனையையும் ஆரம்பி. அவன் மனைவி நான் கேட்கும் முன்பே, "நான் தரேன் அண்ணி" என்றாள். கொடுப்பதற்கு எப்போதும் பெண்களே முந்துகிறார்கள். அண்ணன் இருக்கிறான், அவனையும் கேளுங்கள், எல்லோருக்கும் சோதனை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். ஒன்றில் ஆரம்பித்தால் அதிலேயே கிடக்க வேண்டியதில்லை. நான் மாறினேன். நாளைக்கு ஒரு தனி அறை கட்டினால் அவனும் மாறலாம். எனக்கும் இந்தச் சவ்வு சில வருஷத்தில் களைத்துப்போனால் திரும்ப மிஷினுக்குத்தான் போக வேண்டும்.

அதுவரை இருக்கிற சிறுநீரகத்தைக் காப்பாற்ற, வண்டி ஓட்டி வரும் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போடாதே என்று சத்தியம் வாங்கினேன். அதைவிட அவசரமானது கை. மிஷினுக்கு நல்ல வழி ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் மணிக்கட்டுக்கு மேலே இணைத்துவிடுவார்கள். நரம்பு பருத்துத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இப்போதே போட்டால் எனக்கு மாதிரிக் கழுத்து லைனும், அதில் வரும் கிருமியும் இல்லாமல் ஆரம்பிக்கலாம். வலது கைக்காரன் என்பதால் இடது கையில்தான் போடுவார்கள். அந்த நரம்பைக் குத்திக் குத்திக் கெடுத்துவிடக் கூடாது. இரத்தம் எடுக்கவோ, டிரிப்ஸ் ஏற்றவோ, யார் கேட்டாலும் வலது கையை நீட்டு, முடிந்தால் புறங்கையில் எடுக்கச் சொல் என்றேன். அறுவை முடிந்த பிறகு அந்தக் கையில் பிரஷர்கூடப் பார்க்க விடாதே. தினம் காலையில் விரல் வைத்துப் பார், பூனை உறுமுவது மாதிரி அதிர்வு இருக்க வேண்டும், நின்றால் உடனே ஓடு.

புதன்கிழமை காலை லேபிலிருந்து போன் வந்தது. "அக்கா, இடது கையைக் கேட்டாங்க. வலதைத்தான் கொடுத்தேன்."